நெஞ்சில் ஒட்டிய வெள்ளிக் கோடு

மகனுக்கு,

உன் அழைப்பிதழ் புதன்கிழமை வந்து சேர்ந்தது. நாங்கள் சுகமா என்று அதில் இல்லை. அச்சடித்த தாள், அது கேட்காது. அதனால் நானும் சுகம் சொல்லித் தொடங்கவில்லை. வழவழப்பான அட்டை, நடுவில் ஏறியும் இறங்கியும் ஓடும் ஒரு வெள்ளிக் கோடு, உள்ளே மூன்று மொழியிலும் உன் பெயர். புதிய தொழிற்சாலைத் திறப்பு விழா. மங்கள விளக்கேற்றுபவர், உற்பத்திப் பொறுப்பாளரின் தாயார், அதாவது நான். உன் அப்பா அதைச் சாமித் தட்டில் வைத்துவிட்டு, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் எடுத்துக் காட்டிக்கொண்டிருக்கிறார். நான் எழுத உட்கார்ந்ததைப் பார்த்ததும், "விளக்கேத்தக் கூப்பிட்டா நீ கூரைக்கே தீ வச்சிட்டு வந்துருவ போல இருக்கே" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் தேத்தண்ணியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். என் முகத்தைப் படித்துப் பழகிய மனிதர்.

அட்டை கிடைத்ததா என்று கேட்க அன்று ராத்திரியே நீ போன் எடுத்தபோது சொன்ன இன்னொரு விஷயத்துக்குத்தான் இந்தக் கடிதம். "வரும்போது பாக்கியம் சித்தியையும் கூட்டிக்கிட்டு வாங்கம்மா. நல்ல சேலையா கட்டிக்கிட்டு வரச் சொல்லுங்க. அவங்களை வச்சு ஒரு படம் எடுக்கணும். எங்க எலெக்ட்ரோட் காப்பாத்துன முதல் ஆள்னு பெரிசா போடப் போறோம்" என்றாய். பிறகு குரலைத் தாழ்த்தி, ஏதோ பரிசு கொடுப்பவன் போல, "அட்டையில ஓடுற அந்தக் கோடு யாரோடது தெரியுமா? சித்தியோட நெஞ்சுதான். அவங்களோட துடிப்பைத்தான் டிசைனா போட்டிருக்கு" என்றாய். சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

காப்பாற்றப்பட்டவளை நீ கொழும்புப் பக்கத்திலிருந்து பார்க்கிறாய். நான் சுவருக்கு இந்தப் பக்கத்திலிருந்து பார்க்கிறேன். வீட்டோடு வீடு ஒட்டிய தோட்டத்து லயத்தின் சுவர் எப்படிப்பட்டது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் நாம் "நூறு" சொல்லிப் பழகியவர்கள். விடியற்காலையில் பேர் வாசிக்கும் பெரட்டுக்கு ஆள் கிளம்பும் நேரத்தில் முன்பெல்லாம் பாக்கியத்தின் வீட்டில்தான் முதலில் பாத்திரம் உருளும். இப்போது சத்தமே இல்லை. எழுந்துதான் இருக்கிறாள், எனக்குத் தெரியும். மற்றவர்கள் கூடையோடு வாசலைக் கடந்து போய் முடியும் வரைக்கும் கதவைத் திறப்பதில்லை, அவ்வளவுதான்.

இந்தக் கடிதத்தை உன்னைத் தவிர வேறு ஆட்களும் கேட்பார்கள். அதனால் உனக்குத் தெரிந்ததையும் முதலிலிருந்து சொல்கிறேன். சலித்துக்கொள்ளாமல் படி.

நீ கெம்பஸில் கடைசி வருஷம் படித்தபோது, வகுப்பு நடக்காத ஒரு நீண்ட இடைவெளியில் ஒரு மரச்சட்டத்தையும், மெல்லிய வலையையும், ஒரு சின்னப் போத்தல் வெள்ளி மையையும் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாய். அடுப்படியை உன் வேலைக்குக் கேட்டாய். பாலாடை போல ஒரு தாள், இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். அதன்மேல் வலையை வைத்து, மையை ஊற்றி, ரப்பர் பலகையால் ஒரே இழுப்பாக இழுத்தால் கோடு விழும். லிந்துலைக் கடைத்தெருவில் யாரிடமோ இரவல் வாங்கிய சின்ன மின்சார அடுப்பில் வைத்து அதைக் காயவைப்பாய். "இதைத் தோலில் ஒட்டினால் உள்ளே துடிப்பது மெஷினுக்குத் தெரியும், வயர் வேண்டாம், படுக்க வேண்டாம், ஆள் பாட்டுக்கு வேலை செய்துகொண்டே இருக்கலாம்" என்று நீ விளக்கியபோது எனக்குப் பாதிதான் புரிந்தது. புரிந்த பாதிக்கே நெஞ்சு நிறைந்துபோனது. விறகுப் புகை பட்டால் மை ஒட்டாது என்றாய், நான் கொல்லைப்புறத்தில் தறப்பாளைக் கட்டி மழையில் சமைத்தேன். சாம்பிராணிப் புகையும் ஆகாது என்றாய். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து வெள்ளிக்கிழமை சாமிக்குப் புகை காட்டாமல் நான் இருந்ததில்லை. "அம்மன் மன்னிச்சிருவாம்மா, தூசுதான் மன்னிக்காது" என்றாய். சிரித்துவிட்டு நிறுத்தினேன். நீ முடித்துப் போகும்வரை அவள் படத்துக்கு வெறும் பூ மட்டும்தான்.

முதலில் நீ போட்டது நேர்க்கோடு. அதை ஒட்டிப் பார்க்க உனக்கு ஒரு உடம்பு தேவைப்பட்டது. உன் அப்பாவின் நெஞ்சில் முடி, என்னிடம் கேட்கக் கூச்சம். பக்கத்து வீட்டுப் பாக்கியம்தான், "நம்ம புள்ளைக்குத்தானே, ஒட்டு தம்பி" என்று வந்து உட்கார்ந்தாள். உன்னை விடப் பத்துப் பன்னிரண்டு வயதுதான் மூத்தவள், புருஷனைப் பறிகொடுத்தவள், சொந்தம் ஒன்றும் இல்லை, ஆனாலும் நீ பேசத் தொடங்கியதிலிருந்து அவளைச் சித்தி என்றுதான் கூப்பிட்டாய். அவள் கொழுந்து எடுக்கிற மாதிரிக் கையைத் தூக்கியதும் மெஷின் செத்துப்போனது. கோட்டில் விரிசல். திரும்ப ஒட்டினாய், திரும்பவும் விரிசல். "எனக்கு நெஞ்சே இல்லைன்னு ஒன் மெஷின் கண்டுபுடிச்சிருச்சுடா தம்பி" என்று அவள் சொல்ல, நீ முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு இருந்தாய். பிறகு ஒரு நாள் பாம்பு போவது போல வளைத்து வளைத்துக் கோடு போட்டாய். அது உடையவில்லை. இழுக்க இழுக்க நிமிர்ந்தது, விட்டதும் பழையபடி வளைந்தது. "நேரா இருந்தா ஒடையும் சித்தி, வளைஞ்சு இருந்தா ஒடையாது. இவ்வளவுதான் விஷயம்" என்றாய். "அப்படியா? அப்ப நாங்கல்லாம் இன்னும் ஒடையாம இருக்கிறதுக்கு அதுதான் காரணமாக்கும்" என்றாள். மூன்று பேரும் சிரித்தோம். அவள் சொன்னது பகிடி இல்லை என்று இப்போது நினைக்கிறேன்.

அந்த வளைந்த கோட்டுக்காகத்தான் உன்னை வேலைக்கு எடுத்தார்கள். நெஞ்சிலும் மணிக்கட்டிலும் ஒட்டிக்கொள்ளும் சாமான்களுக்கு எலெக்ட்ரோட், அதாவது துடிப்பைப் பிடிக்கும் அந்த வெள்ளிக் கோடு, செய்கிற கம்பெனி. அங்கே வெள்ளை உடுப்பும் முகமூடியும் போட்டுக்கொண்டு, தூசு நுழையாத அறையில், தாள் தாளாக அச்சடிக்கிறீர்கள் என்று படம் அனுப்பினாய். நான் அதைக் கோயிலில் எல்லோருக்கும் காட்டினேன். போன வருஷம் நீ நெஞ்சில் ஒட்டும் பிளாஸ்டர் நிறைந்த ஒரு பெட்டியோடு வந்தாய். "லேப்ல ஏசியில உக்காந்திருக்கிறவங்க ஒடம்புல நல்லா ஒட்டுதும்மா. மழையில நனைஞ்சு, வேர்த்து, பாரம் தூக்கி ஏறி இறங்குற ஒடம்புல ஒட்டி நின்னாத்தான் இது சாமான். தோட்டத்துல பேசிட்டோம், பெரிய தொரை சரின்னுட்டாரு. பொம்பளைங்கதான் பயப்படுறாங்க" என்றாய். பயப்படாமல் என்ன செய்வார்கள்? அவர்கள் உன்னிடம் கேட்டதை நான் வாசலில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். "இந்தப் பிளாஸ்டர் கரண்டு அடிக்குமா தம்பி?" "அட்டை கடிச்சா இதுக்குள்ள பூந்துருமா?" அப்புறம் ஒருத்தி, "நாங்க தேயிலைக்குள்ள உக்காந்து வெத்தலை போடுறதைத் தொரைக்குப் போட்டுக் குடுக்குமா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்துவிட்டு, "அதெல்லாம் இல்லக்கா, நெஞ்சு மட்டுந்தான்" என்றாய். அவர்கள் சிரித்தாலும் ஒருத்தியும் கை நீட்டவில்லை.

அன்று சாயந்திரம் நீ என்னிடம் வந்தாய். "நீங்க சொன்னா கேப்பாங்கம்மா." கேட்பார்கள்தான். மரண உதவிச் சங்கத்துக் கணக்கை இத்தனை வருஷமாக நான்தான் எழுதுகிறேன். பள்ளிக்கூடத்துக்கு ஒழுங்காகப் போகாதவள், தேவாரப் புத்தகத்தில் எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டவள், ஆனால் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் சங்கத்துப் பணம் பாடை கட்டும் முன் அந்த வீட்டுக்குப் போய்விடும். அதனால் இந்த லயத்திலும் மேல் லயத்திலும் என் வாய்ச்சொல்லுக்கு ஒரு மதிப்பு இருந்தது. அது நான் சேர்த்த சொத்து. அதைத்தான் நீ கேட்டாய். நானும் கொடுத்தேன்.

எப்படிக் கொடுத்தேன் என்பது உனக்குத் தெரியும், ஆனால் அதை நீ யாருக்கும் சொல்லியிருக்க மாட்டாய். வெள்ளிக்கிழமை பூசைக்கு உன் பெட்டியிலிருந்த பிளாஸ்டர்களைத் தாம்பாளத்தில் அடுக்கி அம்மன் காலடியில் வைத்தேன். பூசாரி தயங்கினார். "இது என்னம்மா, மருந்தா?" என்றார். "என் மகன் கையால செஞ்சதுங்க" என்றேன். தீபாராதனை முடிந்ததும் விபூதி கொடுத்தேன், குங்குமம் கொடுத்தேன், அந்தக் கையாலேயே ஆளுக்கு ஒரு பிளாஸ்டரும் கொடுத்தேன். கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கினார்கள். மண்டபத்துத் தரையில் நீ தாளை விரித்து வைத்திருந்தாய். வரிசையாகக் குனிந்து கையெழுத்துப் போட்டார்கள். முதலில் சிங்களம், பிறகு இங்கிலீஷ், கடைசியில் எறும்பு ஊர்வது போலத் தமிழ். மருந்துத் துண்டிலிருந்து பழைய பேப்பர் சுற்றிய கருவாட்டுப் பொட்டலம் வரைக்கும் விடாமல் படிக்கிற நான் அதைப் படிக்கவில்லை. நீ கொண்டுவந்த தாளை நான் எதற்குப் படிக்க வேண்டும்?

அதற்குப் பிறகு நடந்தது உனக்கே ஆச்சரியமாக இருந்தது. வேறு இடங்களில் பாதிப் பேர் ரெண்டாம் நாளே பிய்த்துப் போட்டுவிடுவார்களாம். இங்கே ஒருத்தியும் கழற்றவில்லை. நனைந்தார்கள், வேர்த்தார்கள், சிலருக்குத் தோல் சிவந்து கொப்புளம் போட்டது. "எடுத்துடுடி, டிஸ்பென்சரியில களிம்பு வாங்கிப் போடு" என்று நானே சொன்னேன். "சாமி கால்ல வச்சுக் குடுத்ததுங்கக்கா, நடுவுல கழட்டுனா குத்தம்" என்றார்கள். அந்த நாட்களில் கவுச்சி சாப்பிடாமல் இருந்தவர்களும் உண்டு, தெரியுமா? நான் பயந்துபோய் உனக்குப் போன் எடுத்தேன். இவர்கள் இதை விரதமாக எடுத்துக்கொண்டார்கள், நீ வந்து விளக்கிச் சொல் என்றேன். "நல்லதுதானேம்மா, கம்பெனியில எல்லாரும் பாராட்டுறாங்க" என்றாய். அவர்கள் உனக்குச் சம்மதம் தரவில்லை மகனே. அம்மனுக்கு நேர்ந்துகொண்டார்கள். அந்த வித்தியாசம் உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரிந்திருந்தது, நாம் இருவருமே வாயை மூடிக்கொண்டு இருந்தோம்.

அந்த வாரக் கடைசியில் நீ என்னைக் கூப்பிட்டாய். ஞாபகம் இருக்கிறதா? "ஓரம் பிரியுதாம்மா? மழை பட்ட எடத்துல சுருங்குதா? பாக்கியம் சித்தியோடதை நல்லாப் பாத்துச் சொல்லுங்க" என்றாய். நான் சுவரைத் தட்டி அவளைக் கூப்பிட்டு, வெளிச்சத்தில் நிற்க வைத்துப் பார்த்து, ஓரம் பிரியவில்லை என்று சொன்னேன். உனக்கு அவ்வளவு சந்தோஷம். பிறகுதான் தெரிந்தது, அதற்கு முதல் நாளே அவளுடைய துடிப்பை நீ திரையில் பார்த்துவிட்டாய் என்று. ஏற்றத்தில் கூடையோடு போகும்போது தாளம் தவறுகிறது, விட்டு விட்டு அடிக்கிறது என்று பார்த்து, கம்பெனி மேலிடத்துக்கும் தோட்டத்துக்கும் எழுதி அனுப்பியும்விட்டாய். என்னோடு பேசிக்கொண்டிருந்த நேரம் முழுக்க அது உனக்குத் தெரியும். அவள் என் பக்கத்தில்தான் நின்றாள். போனை அவளிடம் கொடுக்கச் சொல்லியிருக்கலாம். நீ ஓரத்தைப் பற்றிக் கேட்டாய்.

அவளுக்கு அது எப்படித் தெரியவந்தது என்பதை நான் கண்ணால் பார்த்தேன். பால் வாங்கப் போனவள் பெரட்டுக் களத்துக்குப் பக்கத்தில் நின்றேன். வேலை மேற்பார்க்கும் கண்டாக்கு பேர் வாசித்துக்கொண்டு வந்தார். பாக்கியத்தின் பேர் வந்ததும் நிறுத்தி, கையிலிருந்த தாளைப் புரட்டி, எல்லோர் முன்னாலும் சொன்னார். "ஒனக்கு நெஞ்சுல கோளாறாம். கம்பெனிக்காரங்க எழுதியிருக்காங்க. மலையில விழுந்து கிழுந்து செத்துட்டா தோட்டந்தான் பதில் சொல்லணும். ஆஸ்பத்திரியில மெடிக்கல் எடுத்துட்டு வா. அது வரைக்கும் ஒனக்குப் பேர் இல்ல, வேலையும் இல்ல." அவள் கூடைக் கயிற்றைத் தலையிலிருந்து இறக்கினாள். "எனக்கே தெரியாம என் நெஞ்சு ஒங்க கைக்கு எப்படிங்கய்யா வந்துச்சு?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். அவர் அடுத்த பேரை வாசித்தார். அவள் திரும்பி நடந்தபோது என்னைப் பார்த்தாள். நான் பால் போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அந்தப் பார்வையில் என்னைக் குற்றம் சொல்கிற மாதிரி எதுவும் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நுவரெலியா ஆஸ்பத்திரிக்கு நான்தான் அவளைக் கூட்டிக்கொண்டு போகிறேன். படுக்க வைத்து எடுத்தால் ஒன்றும் காட்டவில்லை. டொக்டர் சிங்களவர், சின்ன வயது, பொறுமைசாலி. ஏறும்போது வருவது படுத்திருக்கும்போது வராது, நாள் முழுக்கக் கட்டிவிடும் மெஷினுக்குக் கண்டியில் முறை வர மாதக்கணக்கில் ஆகும் என்றார். பிறகு, ஏற்கனவே ஒரு கம்பெனி எடுத்திருக்கிறதே, அதைப் பார்த்தால் இன்றைக்கே மருந்து எழுதலாம், பயமில்லை என்றால் பயமில்லை என்றும் எழுதித் தரலாம் என்று சொல்லி, "ரெக்கோட் எக்க கேன்ன அம்மே" என்றார். அந்தப் பதிவைக் கொண்டு வாங்க அம்மா. எவ்வளவு சின்ன வேலை! மலையில் ஏறக் கூடாது என்று தோட்டம் சொல்கிறது, ஏனென்றால் உன் கம்பெனி பார்த்துவிட்டது. மருந்து தர முடியாது என்று டொக்டர் சொல்கிறார், ஏனென்றால் அவர் பார்க்கவில்லை. இரண்டுக்கும் நடுவில் பாக்கியம் கதவை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், வேலையும் இல்லாமல் வைத்தியமும் இல்லாமல். என்றைக்காவது ராத்திரி அந்த நெஞ்சு நின்றுபோனால் சுவரைத் தட்டக்கூட அவளுக்கு நேரம் இருக்காது.

உன்னிடம் கேட்டேன். நீ சொன்னதை நான் மறக்கவில்லை. "அம்மா, டேட்டா என்னோடது இல்ல. கம்பெனியோடது. வெளிய குடுக்க முடியாது. அவங்க கையெழுத்துப் போட்டிருக்காங்க." "யாரை நம்பிப் போட்டாங்க?" என்று கேட்டேன். "உங்களை நம்பித்தான்" என்றாய். நீ அதைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை, உண்மையைத்தான் சொன்னாய். ஆனால் பெற்ற பிள்ளையின் வாயிலிருந்து அந்த உண்மை வந்தபோது, கொல்லைப்புறத்தில் மழையில் சமைத்தது, சாமிக்குப் புகை காட்டாதது எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தது. அந்தத் தாளின் பிரதியை அன்றைக்குத்தான் எடுத்து எழுத்தெழுத்தாகப் படித்தேன். பதிவுகள் யாவும் நிறுவனத்துக்கே உரியவை. படிக்கக் கற்றுக்கொண்டது இதற்குத்தானா என்று இருந்தது. மேலே கேட்டுப் பார்க்கிறேன் என்றாய். பிறகு ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்றாய். கடைசியாக, திறப்பு விழா முடியட்டும் என்றாய்.

இப்போது நான் செய்த இன்னொரு காரியத்தையும் சொல்கிறேன், சிரிப்பதென்றால் சிரி. புதன்கிழமை அட்டை வந்தது, வியாழக்கிழமை கிளினிக். கம்பெனி தராவிட்டால் என்ன, என் மகன் அனுப்பிவிட்டானே என்று நான் அந்த அழைப்பிதழைச் சாமித் தட்டிலிருந்து எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போனேன். டொக்டர் முன்னால் விரித்து, இதுதான் இவளுடைய நெஞ்சு, மகனே சொன்னான், இதைப் பாருங்கள் என்றேன். அவர் சிரிக்கவில்லை. வெளிச்சத்தில் பிடித்துக்கூடப் பார்த்தார். அளவு இல்லாமல், கட்டம் இல்லாமல், அழகுக்காக நீட்டியும் சுருக்கியும் போட்டிருக்கிறார்கள், இதில் ஒன்றும் படிக்க முடியாது என்று மெதுவாகச் சொன்னார். வெளியே வந்ததும் பாக்கியம் அட்டையை என் கையிலிருந்து வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஊருக்கெல்லாம் அனுப்பியிருக்காங்க. எனக்குத்தான் ஒண்ணும் புரியல" என்றாள்.

நீ கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு எழுத வேண்டியிருக்காது. தோட்டத்துக்குச் சொன்னால் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவார்கள் என்றுதான் நீ நினைத்திருப்பாய். இந்தத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நீ அப்படி நினைத்தாய் என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. வெள்ளை உடுப்புப் போட்டு, தூசு நுழையாத அறையில் இருந்து இருந்து, இங்கே எது எப்படி நடக்கும் என்பது உனக்கு மறந்துபோயிருக்கிறது. அல்லது மறக்கவில்லை, நினைக்க நேரமில்லை. எது உண்மை என்று நான் கேட்க மாட்டேன். நீ எதைச் சொன்னாலும் எனக்கு வலிக்கும்.

அம்மா என்ற முறையில் புத்தி சொல்லவேண்டிய இடம் இது. நான் சொல்லப் போவது உன் படிப்புக்கு முன் சின்னதாகத்தான் தெரியும். ஒருத்தர் உடம்பிலிருந்து எதை எடுத்தாலும் முதலில் அவரிடம் சொல், பிறகு துரையிடம் சொல். கையெழுத்து வாங்குவதானால் மேசையில் வைத்து, நேரம் கொடுத்து, அவர் முகத்தைப் பார்த்து வாங்கு. சாமியை அதற்குள் இழுக்காதே, உன் அம்மாவையும் இழுக்காதே. இனி யாராவது உன் சாமானை நம்பி வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டால், சந்தோஷப்படாதே, பயப்படு. கோயிலில் அன்றைக்கு நான் பயப்படவில்லை. வெள்ளிக்கிழமைகளில் மறுபடியும் சாம்பிராணி போடத்தான் செய்கிறேன், ஆனால் அம்மன் முகத்தை நேராகப் பார்க்க முடியவில்லை. அந்தத் தட்டை ஏந்தியது இந்தக் கை. அந்தப் பங்கை நான் உன் தலையில் போடவில்லை. என் பங்கை நான் சுமக்கிறேன். உன் பங்கு இன்னும் உன் மேசையில் கிடக்கிறது, ஒரு பொத்தானை அழுத்தினால் அச்சாகி வரும் தூரத்தில்.

இதைக் கோயில் மாதர் சங்கத்தில் வாசிக்கப் போகிறேன். அன்றைக்குத் தட்டிலிருந்து எடுத்துக்கொண்டவர்கள் எல்லோரும் அங்கேதான் இருப்பார்கள், எதை வாங்கினோம் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். ஆனால் அதற்கு முன்னால், இதுவரை எழுதியதைப் பாக்கியத்திடம் வாசித்துக் காட்டினேன். பெரட்டில் கண்டாக்கு செய்ததையே நானும் செய்யக் கூடாது. அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து, கடைசி வரைக்கும் குறுக்கே பேசாமல் கேட்டாள். "தம்பியை இவ்வளவு திட்டணுமாக்கா?" என்றாள்.

"கொஞ்சமாத்தான் திட்டியிருக்கேன்."

"கடுதாசியில என் பேரை எடுத்துறட்டுமான்னு கேக்காதீங்க. இருக்கட்டும். இனி ஒளிக்க என்ன இருக்கு." அடுப்புக்குள் விறகைத் தள்ளிவிட்டு, "நான் வர்றேங்கக்கா" என்றாள்.

"எங்கடி?"

"கொழும்புக்கு. அந்தத் திறப்பு விழாவுக்கு."

எனக்கு ஆத்திரம் வந்தது. "படம் புடிக்கவா? அவனுங்க பக்கத்துல பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கப் போறியா?"

"நிக்கிறேன். படத்துக்கு வான்னுதானே கூப்பிட்டிருக்காங்க. மொதல்ல என் நெஞ்சைத் தாள்ல எடுத்து என் கையில குடுக்கட்டும். டொக்டர் படிக்கிற மாதிரி, கட்டம் போட்டு. அதை இப்படிப் புடிச்சுக்கிட்டு நிக்கிறேன். அதையும் சேத்துப் புடிக்கட்டும்." கையிரண்டையும் நெஞ்சுக்கு முன்னால் வைத்துக் காட்டினாள். "குடுக்கலைன்னா, எத்தனை பேரு வந்திருந்தாலும் அங்கயே நின்னு கேப்பேன். பெரட்டுல ஒரு தடவை கேட்டுப் பழகிருச்சு."

ஆகவே நாங்கள் இருவரும் வருகிறோம், மகனே. அவள் நல்ல சேலைதான் கட்டியிருப்பாள். குத்துவிளக்கைத் துடைத்து, எண்ணெய் ஊற்றி, திரி போட்டு வை. பெரிய ஆட்களை எல்லாம் வரிசையில் நிறுத்து, படம் பிடிப்பவனையும் தயாராக வை. அவள் கைக்கு அந்தத் தாள் வந்த பிறகுதான் என் கைக்குத் தீப்பெட்டி வரும்.

அம்மா